நிழல்பக்கத்துப் பூ

6

பல் டாக்டர் கிளியோவின் நாற்காலியில் சாய்ந்தவர்கள் வேறு வழியில்லாமல் கூரையைத்தான் பார்க்க வேண்டும். அது தெரிந்துதான் அந்த அம்மாள் கூரை முழுக்கப் படங்களாக ஒட்டி வைத்திருந்தாள். எல்லாம் மலையில் தானாக முளைக்கிற ஆர்க்கிட் பூக்கள். நேரில் விரல் நுனி அளவுதான் இருக்கும். படத்தில் தலையணை அளவுக்கு, மயிர் அடர்ந்து, கறுப்பும் பழுப்புமாக, ஏதோ பூச்சிகள் மேலிருந்து குனிந்து பார்ப்பது போல இருந்தன.

நாற்காலியில் இப்போது சிஃபிஸ் சாய்ந்திருந்தான். அவனுக்குப் பல்வலி கிடையாது. முன்பதிவு இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று வாசலில் சொன்னதும், "என் டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லுல உயிர் போகுது" என்று எவாந்தியா கூசாமல் சொல்லிவிட்டாள். ஹெராக்லியோன் துறைமுகத்தில் பல வருஷம் சுங்க அதிகாரியாக இருந்து, அடுத்தவர் பொய்யைக் கேட்டுக் கேட்டே பொய் பழகியவள். ரெதிம்னோவில் துப்பறியும் அலுவலகம் வைத்தபிறகு யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்வாள். வழக்கைக் கொண்டு வந்தவர்களிடம் மட்டும் சொல்ல மாட்டாள்.

"மேடம், மேல இருக்கிறதெல்லாம் பூவா, இல்ல டாக்டர் என் மாதிரி ஆளுங்க வாயிலிருந்து எடுத்ததா?" என்றான் சிஃபிஸ்.

"வாயைத் திற. பேசுறதுக்கு இல்ல" என்றாள் எவாந்தியா.

கிளியோ சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். "பல்லெல்லாம் குதிரைக்கு இருக்கிற மாதிரி இருக்கு. என்ன விஷயம், சொல்லுங்க."

எவாந்தியா தன் ஃபோனைக் கருவித் தட்டில் வைத்தாள். அதில் ஒரு பூவின் படம். "தெமிஸ் வர்தாக்கிஸ் அனுப்பினது. காணாமப் போன அன்னைக்கு."

டாக்டரின் கை நின்றுவிட்டது.

தெமிஸை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மெசோலக்கி கிராமத்து ரொட்டிக்கடை வேனை ஓட்டியவன். ரொட்டி விற்ற நேரம் போக மலையில் ஆர்க்கிட் தேடித் திரிவான். மூன்று வருஷத்துக்கு முன், ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், கணவாயில் உள்ள அந்தோனியார் கோவில் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு நடந்து போனான். திரும்பவில்லை. அந்தக் கணவாய்க்கு இரண்டு சரிவு. தெற்கே பார்த்ததை ஊரார் வெயில்பக்கம் என்பார்கள். வடக்கே பார்த்தது நிழல்பக்கம். அன்று காலையில் மனைவி ஆர்கிரோவுக்கு இந்தப் படத்தையும் ஒரு வரியையும் அனுப்பியிருந்தான். *வெயில்பக்கம் இருக்கேன், இதைப் பாரு.* போலீஸும் நாய்களும் ஊர் இளவட்டங்களும் வெயில்பக்கத்தைக் கல் கல்லாகப் புரட்டினார்கள். ஒரு பொத்தான் கூடக் கிடைக்கவில்லை.

ஆர்க்கிட் பார்க்க வந்திருந்த டச்சுக்காரி ஒருத்தி அதே வாரம் ஊரை விட்டுப் போயிருந்தாள். காப்பிக்கடையில் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அத்தோடு தேடுவதும் நின்றது.

போன வாரம், மறுபடி ஆர்க்கிட் பூக்கிற பருவத்தில், அந்த டச்சுக்காரி தன் கணவனோடு மெசோலக்கிக்குத் திரும்பி வந்தாள். காப்பிக்கடையில் உட்கார்ந்து, "தெமிஸ் நல்லா இருக்காரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கடைக்காரன் கையிலிருந்த தட்டு சாய்ந்துவிட்டதாம்.

மறுநாள் காலை ஆர்கிரோ எவாந்தியாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பாதி கறுப்பும் பாதி சாம்பலுமாக, விதவை என்றும் அல்ல என்றும் சொல்ல முடியாத உடுப்பு. "அவர் என்னை விட்டுட்டுப் போனாரா, இல்ல போய்ச் சேர்ந்துட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும். செத்துட்டார்னா கறுப்பு கட்டிட்டு அழுவேன். விட்டுட்டுப் போனார்னா வாய் நிறையத் திட்டிட்டு நிம்மதியாச் சாப்பிடுவேன். மூணு வருஷமா ரெண்டும் முடியல. எது கிடைச்சாலும் மறைக்காமச் சொல்லணும்."

"மறைக்க மாட்டேன்" என்றாள் எவாந்தியா.

கிளியோ கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கலப்பு" என்றாள் கடைசியில். "இந்தக் கறுப்பு உதடும் வெள்ளைக் கோடும் ஒரு ஜாதியோடது. அதை நாங்க கறுப்புன்னே சொல்லுவோம். பின்னாடி விரிஞ்சிருக்கிற ரோஸ் நிறம் இன்னொரு ஜாதி. அதுக்குப் பேரு பிஷப். ரெண்டும் கலந்து பிறந்த பிள்ளை இது. என் ஆயுசுல நான் பார்த்ததில்ல."

"பூவுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்குது?" என்றான் சிஃபிஸ், நாற்காலியை விட்டு எழ மனமில்லாமல்.

"ஏமாத்தித்தான். இந்தப் பூ பெண் தேனீ மாதிரி வேஷம் போடும். வாசனையும் அதே மாதிரி விடும். ஆண் தேனீ கல்யாணக் கனவோட வந்து உக்காரும். ஒண்ணும் நடக்காது. தலையில மகரந்தத்தை ஒட்டிக்கிட்டு வெறுங்கையோட போகும். போய் அடுத்த பூவுலயும் ஏமாறும்."

"எங்க சித்தப்பா சனிக்கிழமை சனிக்கிழமை இப்படித்தான் டாக்டர் போயிட்டு வர்றார்."

"ஒரு தேனீ ஒரு ஜாதிப் பூகிட்டத்தான் ஏமாறும். எப்பவாவது ஒண்ணு வழி தப்பி வேற ஜாதிகிட்டப் போயிடும். அப்ப இப்படி ஒரு செடி பிறக்கும்" என்றாள் கிளியோ. "எங்க எடுத்ததாச் சொன்னார்?"

"வெயில்பக்கம்."

டாக்டர் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கையை மறுபடி கழுவினாள்.

எவாந்தியா கூரையை அண்ணாந்து பார்த்தாள். "நடுவுல இருக்கிற மஞ்சள் பூ அழகா இருக்கே. எங்க கிடைச்சது?"

"அதுவா. அமாரிப் பள்ளத்தாக்குல."

"பின்னாடி நீலமா இருக்கிறது வானம்தானே?"

"வானம்தான்."

"வானத்துல ஒரு படகு இருக்கு டாக்டர்" என்றான் சிஃபிஸ். "நான் இங்க படுத்ததிலிருந்து அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அமாரிக்குப் போன மாசம் போனேன். அங்க கழுதைதான் ஓடுச்சு."

கிளியோ சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் முகம் வாடிப்போனது. "நாங்க எல்லாருமே அப்படித்தான். பூ எங்க இருக்குன்னு யார் கேட்டாலும் ஒரு மலை தள்ளிச் சொல்லுவோம். பழகிப் போச்சு. உண்மையச் சொன்னா கிழங்கு தோண்டுறவன் காதுக்குப் போயிடும். கிழங்கைக் காயவெச்சு மாவாக்கி, குளிர்காலத்துல பட்டணத்துத் தெருமுனையில சலேப்புன்னு சுடச்சுட விக்கிறானே, அதுக்குத்தான் தோண்டுறாங்க."

"பொண்டாட்டிகிட்டயுமா ஒரு மலை தள்ளிச் சொல்லுவார் தெமிஸ்?"

"முதல்ல அவகிட்டத்தான். ஒரு தடவை, நல்ல சரிவு ஒண்ணு கிடைச்சதுன்னு ராத்திரிச் சாப்பாட்டுல சந்தோஷமாச் சொல்லிட்டார். அவ தன் அண்ணன் ஸ்ட்ராதிஸ்கிட்டப் பேச்சுவாக்குல சொல்லியிருக்கா. அடுத்த வாரம் போனா சரிவு முழுக்கக் குழி. பன்றி கிளறின மாதிரி. ஸ்ட்ராதிஸ் தோண்டி வித்துட்டான். தெமிஸ் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. 'கேட்டா அண்ணன் தங்கச்சிக்குள்ள வெட்டுக்குத்து ஆயிடும் கிளியோ, நான் பேசாம இடத்தை மாத்திச் சொல்லிட்டுப் போறேன்'னார்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"நான் அப்ப ஏதென்ஸ்ல இருந்தேன், எங்கம்மா ஆபரேஷனுக்கு. திரும்பி வர்றப்ப டச்சுக்காரிக் கதைதான் ஊரெல்லாம். நானும் நம்பிட்டேன். அவர் வீட்டுல சொன்ன இடத்தை வெச்சுத்தான் தேடினாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது." அவள் குரல் இறங்கியது. "இவங்க ஏன் என்கிட்டக் கேக்கல?"

எவாந்தியா படத்தின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். "பூவுக்குப் பின்னாடி மங்கலா ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு. அழுக்கா?"

கிளியோ பெரிதாக்கிப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். "கறுப்பு. தகப்பன் ஜாதி. அதுவும் அப்பத்தான் மலர்ந்தது."

"வெயில்பக்கத்துல அது எப்பப் பூக்கும்?"

"மார்ச்லயே பூத்துக் காஞ்சு காயாயிடும். பிஷப் கண் முழிக்கிறதே ஏப்ரல்லதான். அங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே வாய்ப்பில்ல." அவள் மெதுவாக நிமிர்ந்தாள். "நிழல்பக்கம் குளிர் ஜாஸ்தி. அங்க கறுப்பு தூங்கி வழிஞ்சு தாமதமாத்தான் பூக்கும். அப்பனும் ஆத்தாளும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கிற இடம் அந்த மலையில அது ஒண்ணுதான்."

"போலீஸ் ஃபோன் டவரைப் பார்த்தாங்களே மேடம்?" என்றான் சிஃபிஸ்.

"கணவாய்க்கு மேல இருக்கிற ஒரே டவர். ரெண்டு பக்கத்துக்கும் அதான்" என்று எவாந்தியா எழுந்தாள். "டாக்டர், இப்படி ஒரு செடி கிடைச்சா தெமிஸ் என்ன பண்ணுவார்? பார்த்துட்டு வந்துடுவாரா?"

"விட மாட்டார். முள்ளை வெட்டிட்டு வந்து மேல கவிழ்த்து, கல்லை வெச்சுட்டுத்தான் வருவார். ஆடு வாய் வைக்கக் கூடாதுல்ல."

வாசலில் உட்கார்ந்திருந்த பெண் சிஃபிஸைப் பார்த்து, "பல் எடுத்தாச்சா?" என்றாள்.

"இல்லம்மா. பொய்யைத்தான் எடுத்தாங்க. நல்ல ஆழமா இருந்துச்சு."

* * *

கணவாய் வரை பிக்கப் போனது. அந்தோனியார் கோவில் கதவில் தெமிஸின் படம் போட்ட பழைய நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. வெயிலில் முகம் போய்விட்டது. மீசை மட்டும் மிச்சம்.

இடதுபுறம் வெயில்பக்கம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. வலதுபுறம் இறங்கினால் வேறு தேசம். பாறை இடுக்கில் ஈரம், காட்டுக் கற்பூரவல்லி வாசனை, எங்கோ ஆட்டு மணி. கால் வைக்கிற இடமெல்லாம் சிஃபிஸ் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தான். முதலில் கறுப்புப் பூக்கள் கண்ணில் பட்டன, புல்லுக்குள் வண்டு உட்கார்ந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் கீழே ரோஸ் நிறத்தில் பிஷப்.

"ரெண்டு வீட்டாரும் வந்தாச்சு மேடம். பிள்ளையைத்தான் காணோம்."

"பூவைத் தேடாத. முள்ளைத் தேடு. வேரில்லாம நிக்கிற முள்."

"இந்த மலையில முள் இல்லாத இடத்தைத் தேடச் சொன்னாக்கூட எனக்கு வேலை சுலபம்."

எவாந்தியா பாறை பாறையாகப் பார்த்துக்கொண்டே முன்னால் போனாள். வெயில் ஏறியது. பின்னால் சிஃபிஸ் ஒரு கல்லில் உட்காரப் போகும் சத்தம், பிறகு ஒரு கெட்ட வார்த்தை.

"கிடைச்சிருச்சு மேடம்" என்றான் வலி பொறுத்த குரலில். "கண்ணு பார்க்கல. வேற இடம் பார்த்துச்சு."

அவன் உட்காரப் போனது நரைத்துப்போன ஒரு முள் கூடு. காய்ந்த கிளைகளை வளைத்து, நுனியில் கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். உள்ளே, கறுப்பு உதடும் வெள்ளைக் கோடும் ரோஸ் நிறச் சிறகுமாக இரண்டு பூ. கிழங்கு வருஷா வருஷம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் பூத்துக்கொண்டிருந்தது.

சிஃபிஸ் தொப்பியை எடுத்துவிட்டான். எவாந்தியா கூட்டைச் சுற்றி வந்தாள்.

"இந்தப் பக்கம் திறந்திருக்கு. பாரு, இலையை ஆடு கடிச்சிருக்கு. மூணு பக்கம் கட்டினவன் நாலாவதை ஏன் விட்டான்?"

"முள் தீர்ந்து போயிருக்கும்."

"தீர்ந்தா?"

"வெட்டப் போயிருப்பான்." சொல்லிவிட்டு அவனே திரும்பிப் பார்த்தான்.

பக்கத்திலேயே ஒரு முள் புதர். அதில் சில தண்டுகள் கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டு நரைத்திருந்தன. வெட்டின வரிசை புதரின் ஓரம் வரை போய், அங்கே நின்றது. அதற்கப்புறம் குட்டை ஓக் மரத்தின் கிளைகள் தரையோடு தரையாகப் படர்ந்திருந்தன. எவாந்தியா ஒரு கல்லை எடுத்துக் கிளைகளுக்கு நடுவில் போட்டாள். அது விழுந்த சத்தம் வர நேரம் பிடித்தது.

பிக்கப்பில் இருந்த இழுவைக் கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டு சிஃபிஸ் அந்தக் குழிக்குள் இறங்கினான். இறங்கும்போது, "நான் திரும்பி வரலேன்னா என் மோட்டார் சைக்கிளைச் சித்தப்பாவுக்குக் கொடுக்காதீங்க" என்றான். அதன் பிறகு சத்தமில்லை.

"சிஃபிஸ்."

அவள் கயிற்றைப் பிடித்து ஆட்டினாள்.

"சிஃபிஸ், ஏதாவது பேசு."

"பேச ஒண்ணும் இல்ல மேடம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இரண்டு வருஷமாக அவனோடு வேலை பார்க்கிறாள். அவன் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை.

மேலே வந்தபோது முழங்கையெல்லாம் சேறு. மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தான்.

"போலீஸ் வரும்வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். கை கேக்கல." அவன் புல்லில் உட்கார்ந்தான். "தெமிஸ்தான். ரொட்டிக்கடைச் சட்டை. ஒரு கால் பாறைக்கு அடியில மாட்டியிருக்கு. சாப்பாட்டு டப்பா மூடி ஒண்ணு இருக்கு மேடம். மேலேருந்து தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர் கீழ. விழுந்து கிடக்கல. சின்னச் சின்னக் கல்லா அண்டக் கொடுத்து, சாயாம வெச்சிருக்கு. உள்ள சுண்ணாம்பு படிஞ்சு போயிருக்கு."

எவாந்தியா பையை வாங்கினாள். காலிப் பை. சுருட்டிப் போட்டிருக்கவில்லை. நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்த்து நீவி வைத்திருந்தது.

விழுந்த வேகத்தில் செத்தவன் தண்ணீர் பிடிக்க மாட்டான். பையும் மடிக்க மாட்டான். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"தேடுறப்ப நானும் வந்தேன்" என்றான் சிஃபிஸ், கணவாயைப் பார்த்தபடி. "அப்ப பஸ் ஓட்டிட்டு இருந்தேன். லீவு போட்டுட்டு வந்தேன். வெயில்பக்கம். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடறதுக்குக் கோவில் மணியை அடிப்பாங்க. எல்லாரும் போய் மரத்தடியில உக்காந்து ரொட்டியும் ஆலிவும் தின்னுட்டு, ராக்கிச் சாராயம் குடிச்சுட்டு, மறுபடி போவோம். அந்த மணி இங்க கேட்டிருக்கும்ல?"

கோவில் மேலே தெரிந்தது. மணிகூட வெயிலில் மின்னியது.

"ஃபோனை எடு. போலீஸைக் கூப்பிடணும்" என்றாள் எவாந்தியா. "இங்க சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது, குழிக்குள்ள சுத்தமா இருந்திருக்காது. மேல போகலாம் வா."

* * *

போலீஸும் மீட்புக்காரர்களும் தங்கள் வேலையை முடித்துப் போனபோது சாயங்காலமாகிவிட்டது. ஆர்கிரோவின் சமையலறை மேஜையில் பச்சை மொச்சை குவிந்து கிடந்தது. செய்தி வந்தபோது உரித்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

எவாந்தியா நடந்ததைச் சொன்னாள். எங்கே, எப்படி, அந்தச் செடி, முள் கூடு.

"நிழல்பக்கமா" என்றாள் ஆர்கிரோ. குரலில் கேள்வியே இல்லை.

சுங்கச்சாவடியில் பெட்டியைத் திறக்கும்போது பெட்டியைப் பார்க்கக் கூடாது, ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும். எவாந்தியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஆச்சரியமா இல்ல."

ஆர்கிரோ ஒரு மொச்சையை எடுத்து, உரிக்காமல் கீழே வைத்தாள். "வெயில்பக்கம் செம்மண்ணு. நிழல்பக்கம் கறுப்பு. அவர் பூட்ஸை யாரு கழுவறா? நான்தானே. சொன்ன இடத்து மண்ணு ஒரு நாளும் பூட்ஸுல இருந்ததில்ல. வெயில்பக்கம்னு சொன்னா கறுப்பு மண்ணோட வருவார். ஆத்தங்கரைன்னு சொன்னா செம்மண்ணோட வருவார். பூ பார்க்கப் போறவன் இடத்தை மறைப்பானா? பொம்பளையப் பார்க்கப் போறவன்தான் மறைப்பான்னு நினைச்சேன்."

"போலீஸ் கேட்டப்ப?"

"ஃபோன்ல இருந்ததைக் காட்டினேன். வெயில்பக்கம்னு போட்டிருக்கு, வெயில்பக்கம்னு சொன்னேன். அவ்வளவு பேர் நிக்கிறாங்க, போலீஸு, ஊரு, பாதிரியார். அவங்க முன்னாடி, என் புருஷன் என்கிட்டப் பொய் சொல்றவர், அந்தப் பக்கம் போய்த் தேடுங்கன்னு எப்படிச் சொல்வேன்? தேடட்டும், அவளோட எங்கேயாவது சுத்திட்டுத் தானா வரட்டும்னு இருந்துட்டேன். வரலேன்னதும், அவளோடயே போயிட்டார்னு..." அவள் நிறுத்தினாள். "ஏன் மறைச்சார்? அதை மட்டும் சொல்லுங்க."

எவாந்தியா சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் சந்தோஷமாகச் சொன்ன அந்தச் சரிவை. ஸ்ட்ராதிஸை. கேட்டால் அண்ணன் தங்கச்சிக்குள் சண்டை வரும் என்று கேட்காமலே இருந்துவிட்டதை.

ஆர்கிரோ இரண்டு கைகளையும் மேஜையில் பரப்பி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் ஸ்ட்ராதிஸ்கிட்டச் சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சார்னு." பிறகு, "அப்ப வேற பொம்பளை யாரும் இல்ல."

"யாரும் இல்ல."

"செத்துத்தான் போனார்."

"ஆமா."

வெளியே யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஆர்கிரோ நிமிர்ந்தாள். எவாந்தியாவைப் பார்க்கவில்லை. கதவோரம் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்ற சிஃபிஸைப் பார்த்தாள். "நீதானே தம்பி உள்ள இறங்கினது. விழுந்த உடனே போயிட்டாரா?"

சிஃபிஸ் எவாந்தியாவைப் பார்க்கவே இல்லை. "உடனேக்கா. தலையில அடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

எவாந்தியா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஆர்கிரோ தலையாட்டினாள். மறுபடி மொச்சையை எடுத்தாள். இரண்டு உரித்தாள். "அன்னைக்குக் காலையில சண்டை. மண்ணப் பத்தித்தான். பூட்ஸைத் தூக்கி முற்றத்துல எறிஞ்சேன். ஆனா வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரல. பார்லி ரஸ்க்கும் சீஸும் பையில திணிச்சு, மூஞ்சியப் பார்க்காம நீட்டினேன். ஒண்ணும் பேசாம வாங்கிட்டுப் போனார். அப்புறம்தான் அந்தப் படத்தை அனுப்பினார். நான் பதில் போடல." சிஃபிஸிடம் திரும்பினாள். "அந்தப் பை அங்க இருந்துச்சா தம்பி? சாப்பிட்டிருந்தாரா?"

சொன்ன பொய்க்கு இப்போது இன்னொன்று வேண்டியிருந்தது. சிஃபிஸ் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இருந்துச்சுக்கா. அப்படியே இருந்துச்சு. தொடல."

"தொடல" என்றாள் ஆர்கிரோ.

அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள். சத்தமில்லாமல், உட்கார்ந்தபடி, முகத்தை மூடாமல். "கோபம் தீரல அவருக்கு. நான் கொடுத்ததைத் தொடக்கூட இல்ல."

சிஃபிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எவாந்தியா கைப்பையின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகும்போது, அந்தத் துணிப்பையில் என்ன இருந்தது என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். காலிப் பைதானே, வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள் என்று அவனும் விட்டுவிட்டான். கொடுக்காமலே போய்விடலாம் என்று நினைத்துத்தான் உள்ளே நுழைந்திருந்தாள்.

எதிரில் அழுதுகொண்டிருந்தவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"மேடம்" என்றான் சிஃபிஸ் மெதுவாக. "வேணாம்."

"மறைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் எவாந்தியா. துணிப்பையை மொச்சைத் தோலுக்கு நடுவில் வைத்தாள்.

ஆர்கிரோ அதை அடையாளம் கண்டுகொண்டாள். மடிப்பைப் பிரித்தாள். உள்ளே கையை விட்டாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலோரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"தூளைக்கூட விடல" என்றாள். "எல்லாத்தையும் சாப்பிட்டிருக்கார். மடிச்சு வெச்சிருக்கார் பாருங்க. வீட்டுலயும் அப்படித்தான், பையை மடிச்சுத்தான் கொடுப்பார்." ஈரமான முகம் ஒரு கணம் இளகியது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் மனைவி மாதிரி இருந்தாள்.

பிறகு அவள் விரல் நின்றது.

"பார்லி ரஸ்க்" என்றாள். "கல்லு மாதிரி இருக்கும். தண்ணியில ஊற வைக்காமக் கடிக்கவே முடியாதே."

அடுப்பில் எதுவோ கொதித்து அடங்கிய சத்தம் மட்டும் கேட்டது. ஆர்கிரோ சிஃபிஸை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பையை மறுபடி அதே மடிப்பில் மடித்தாள். எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வண்டி இருக்கா தம்பி? என்னை நிழல்பக்கம் கூட்டிட்டுப் போ."

"இப்பவாக்கா? இருட்டப் போகுது. அங்க யாரும் இல்ல. அவரை ரெதிம்னோவுக்குக் கொண்டு போயிட்டாங்க."

"தெரியும்" என்று ஆர்கிரோ கதவைத் திறந்தாள். "அன்னைக்கே போயிருக்கணும்."